பத்து சதவீத யூரியா க்ரீம்: கருப்பு போகுமா என்று கேட்பவர்களுக்கு

ஆறு மாதத்தில் பதினோரு ட்யூப் காலி செய்திருக்கிறேன், அதனால் இந்த க்ரீமைப் பற்றி நாலு வார்த்தை எழுத எனக்குத் தகுதி உண்டு. முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன், கருப்பு போகாது. கீமோவில் கருத்த கை இதைத் தடவினால் பழைய நிறத்துக்கு வந்துவிடும் என்று நம்பி வாங்குகிறவர்கள் பத்தாம் நாள் ட்யூபைத் தூக்கிப் போட்டுவிட்டு "சுத்த வேஸ்ட், ஒரு ஸ்டாரே அதிகம்" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், முதல் மாதம் நானும் அந்தக் கட்சிதான். இப்போது கேட்டால் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். ஒன்றிலிருந்து நாலரைக்கு எப்படி ஏறியது என்று சொல்வதற்கு என் கையின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

எனக்குப் பெருங்குடலில் கட்டி. போன வருஷம் தை மாதம் ஆபரேஷன், மாசி கடைசியில் கீமோ ஆரம்பம். 21 நாளுக்கு ஒரு தடவை ஆக்சாலிபிளாட்டின் டிரிப், கூடவே கேப்சிடபின் மாத்திரை. காலையில் மூன்று, ராத்திரி மூன்று, சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், 14 நாள் போட்டு 7 நாள் விட வேண்டும். இப்படி எட்டுச் சுற்று. "இதுல முடி கொட்டாதும்மா, கொஞ்சம் மெலியும், அவ்வளவுதான்" என்று டாக்டர் சொன்னதும் எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். முடி இருந்தால் போதும், ஆபீசில் பாதிப் பேருக்குத் தெரியாமலே ஒப்பேற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். தலை காப்பாற்றிவிட்டது, கை காட்டிக்கொடுத்துவிட்டது.

மதுரைப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் நான் கேஷியர். கண்ணாடித் தடுப்புக்கு அடியில் இருக்கிற அரைவட்ட ஓட்டையில் நாளைக்கு இருநூறு தடவையாவது கையை நீட்டுகிறவள். என் முகத்தை நிமிர்ந்து பார்க்காதவர்கள்கூட கையைப் பார்த்தே தீருவார்கள், பணம் அங்கேதானே இருக்கிறது. மூன்றாவது சுற்றில், அழகர் ஆற்றில் இறங்கிய வாரம், விரல் மூட்டுகளில் முதலில் கருமை தட்டியது. வெயில் என்று நினைத்தேன். அப்புறம் உள்ளங்கை. ரேகைகளை எல்லாம் யாரோ மைப்பேனாவால் ஒரு தடவை திருப்பி வரைந்த மாதிரி ஆகிவிட்டது, ரேகைக்கு நடுவே திட்டுத் திட்டாகப் புள்ளிகள். நகத்தில் அடியிலிருந்து நுனிவரை பென்சில் கோடு. நாக்கை நீட்டினால் நாவல்பழம் தின்ற பிள்ளை மாதிரி அங்கங்கே கறை. பாதத்தில் செருப்பு வார் அழுத்துகிற இடம் மட்டும் வார் போலவே கருத்திருந்தது, செருப்பைக் கழற்றினாலும் போட்டிருப்பது போலத்தான் தெரியும்.

கவுண்டரில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதம். ஒரு பெரியவர் நான் நீட்டிய நோட்டைக் கையில் வாங்காமல், "அங்ஙனயே வைம்மா" என்று பலகையைக் காட்டினார். முதியோர் பென்ஷன் வாங்க வருகிற ஒரு ஆத்தா என் கையைப் பிடித்து இழுத்து, ஓட்டைக்கு வெளியே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்து, "என்ன தாயி, அடுப்புக்கரி அள்ளுனியா?" என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. பெரியவர் செய்ததுதான் ரெண்டு நாள் தூங்கவிடவில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த கையேட்டில் இந்தப் பக்கவிளைவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். "உள்ளங்கை, உள்ளங்கால் சிவத்தல்" என்று போட்டு, ரோஜா நிறத்தில் ஒரு வெள்ளைக்காரர் கை படம். என் கையை அந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இது அது இல்லை, நமக்கு வேறு ஏதோ என்று பயந்து போனேன். அதுதான் இது. நம்மைப் போல மாநிறம், கருப்பு நிறக்காரர்களுக்குத் தோலின் சிவப்பு அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரியாது, கருமையாகத்தான் தெரியும், நமக்குக் கருமை கூடுதலாகவே வரும். தோலில் நிறம் தயாரிக்கிற செல்களை மருந்து சீண்டிவிடுகிறது, அவை பதிலுக்கு மெலனினைக் கொட்டுகின்றன என்று டாக்டர் சொன்னார். படம் போட்டவர்கள் நம் ஊர்க் கை ஒன்றையும் பக்கத்தில் போட்டிருந்தால் எனக்கு ஒரு வாரத் தூக்கம் மிச்சமாகியிருக்கும்.

டிரிப் ஏற்றுகிற வார்டில் உட்கார்ந்திருக்கும்போது பொழுது போக ஆளாளுக்குக் கையைக் காட்டிக்கொள்வோம். மார்பகத்துக்காக வந்த ஒரு அக்காவுக்கு அந்தச் சிவப்பு மருந்து, டாக்சோரூபிசின் (ஏற்றினால் ஒரு நாள் ரெண்டு நாள் மூத்திரம்கூடச் சிவப்பாகப் போகும், ரத்தம் என்று அலறாதீர்கள்). அவர் நகங்களில் குறுக்கே பட்டை பட்டையாகக் கருப்பு, ஒரு சுற்றுக்கு ஒரு பட்டை. "எத்தனை முடிஞ்சுதுன்னு ஃபைலைப் பாக்க வேணாம், நகத்தை எண்ணிக்கோ" என்பார். நிணநீர்க்கட்டிக்கு பிளியோமைசின் ஏற்றிக்கொண்ட ஒரு கல்லூரிப் பையனுக்கு முதுகில் சாட்டையால் அடித்த மாதிரி கோடு கோடாக இருந்தது, அவன் அம்மா முதலில் விடுதியில் யாரோ அடித்துவிட்டார்கள் என்று சண்டைக்கே போய்விட்டாராம். எல்லாவற்றையும்விட வேடிக்கை, ரத்தப் புற்றுக்கு இமாட்டினிப் மாத்திரை வாங்க மாதாமாதம் வருகிற ஒரு அண்ணாச்சி. அந்த மாத்திரையில் சிலருக்குத் தோல் வெளுக்கும், அவருக்கு வெளுத்தது. சொந்தக்காரர்கள் எல்லாம் "நல்லா கலராயிட்டீங்களே, உடம்பு தேறிருச்சு" என்று வாழ்த்துகிறார்களாம். கருத்தவளைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறார்கள், வெளுத்தவரைப் பார்த்து வாழ்த்துகிறார்கள், ரெண்டுக்கும் காரணம் மருந்துதான்.

சரி, க்ரீமுக்கு வருகிறேன். மூன்றாவது சுற்று முடிந்து டாக்டரிடம் கையை நீட்டினேன். அவர் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "காபி டம்ளரைப் பிடிக்க முடியுதா? ஜாக்கெட் ஊக்கு மாட்ட முடியுதா? நடந்தா எரியுதா?" என்று மூன்று கேள்வி. பிடிக்க முடிகிறது, ஆனால் சூடு தாங்கவில்லை, ஆள்காட்டி விரல் நுனியில் பிளவு இருக்கிறது என்றேன். அப்போதுதான் விளக்கினார். கருப்பு வெறும் கருப்பாக இருக்கிறவரை மருந்தை யாரும் நிறுத்த மாட்டார்கள். தோல் வெடித்து, கொப்பளித்து, அன்றாட வேலை செய்ய முடியாமல் போனால்தான் மாத்திரையை நிறுத்திவைக்க வேண்டும், அப்புறம் அளவைக் குறைக்க வேண்டும். "கலரைப் பாக்காதீங்க, வெடிப்பைப் பாருங்க" என்று சொல்லி யூரியா 10 சதவீதம் எழுதிக் கொடுத்தார்.

யூரியா என்றதும் எங்கள் அத்தை, "வயலுக்குப் போடுறதையாடி கையில போடச் சொல்றாங்க?" என்று கேட்டார். அதே சரக்குதான் அத்தை, ஆனால் இது சுத்தமானது. நம் தோலிலேயே இயல்பாக இருக்கிற ஒன்று, தண்ணீரை இழுத்துப் பிடித்துவைக்கும்.

வாங்கும்போது நடந்த ஒரு கூத்தைச் சொல்லியே ஆக வேண்டும். முதல் ட்யூபை ஒரு மருந்துக்கடையில் வாங்கினேன், சீட்டைப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்கள், நானும் பெட்டியைப் பார்க்கவில்லை. ராத்திரி தடவினால் விரல் பிளவில் மிளகாய்ப்பொடி வைத்த மாதிரி எரிச்சல். கழுவினேன், திரும்பத் தடவினேன், திரும்ப எரிந்தது. ரெண்டு நாளில் தோல் வெள்ளையாக ஊறி உரிய ஆரம்பித்தது. மூன்றாம் நாள்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு பெட்டியைப் படித்தேன், 40 சதவீதம். அது கால் ஆணிக்கும் காய்த்துப்போன குதிகாலுக்கும் உள்ளது. அந்த அளவில் யூரியா ஈரம் காக்கிற வேலையை விட்டுவிட்டுத் தோலைக் கரைத்து உரிக்கிற வேலையைச் செய்யும். ஆகவே தயவுசெய்து கடையிலேயே நின்று, பெட்டியில் 10 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கம்பெனி எதுவாக இருந்தாலும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, மூன்று கம்பெனி போட்டுப் பார்த்துவிட்டேன். வாசனை சேர்த்ததை மட்டும் தவிர்த்துவிடுங்கள், பிளவில் அதுவும் எரிகிறது.

சரியான பத்து சதவீதம் எப்படி இருக்கும் என்றால், கெட்டித் தயிர் பதம். தடவியதும் கொஞ்சம் பிசுபிசுப்பு, பத்து நிமிஷத்தில் உள்ளே போய்விடும். கையை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, ஒற்றித் துடைத்து, ஈரம் முழுக்கக் காய்வதற்கு முன்னால் தடவ வேண்டும், காய்ந்த கையில் தடவினால் பாதிப் பலன்தான். அழுத்தித் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் அந்த உராய்வே கையைக் கெடுக்கும். நான் காலையில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, படுக்கப் போகும்போது கெட்டியாக ஒன்று. ராத்திரி தடவிவிட்டு வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொள்வேன். அது மருந்துக்கடையில் விலை அதிகம், பள்ளிச் சீருடை விற்கிற கடையில் அணிவகுப்புக்குப் பிள்ளைகள் போடுகிற வெள்ளைக் கையுறை கிடைக்கும், அதையே வாங்கினேன். கையுறையோடு நான் தூங்குவதைப் பார்த்து என் மகன், "அம்மா, சல்யூட்" என்பான்.

அந்த அரை ஸ்டார் குறைந்தது கவுண்டரால்தான். க்ரீம் தடவிய கையோடு நோட்டு எண்ண முடியாது. நோட்டு ஒன்றோடொன்று ஒட்டும், விசைப்பலகையில் எண்ணெய்ப் படலம் படியும், ரசீதில் ரேகை பதியும் (ரேகையா? அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்). நோட்டு எண்ண வைத்திருக்கிற ஸ்பாஞ்ச் டப்பாவில் விரலை நனைத்து நனைத்துக் காயவிட்டதே பிளவுக்குப் பாதிக் காரணம் என்று பிறகுதான் புரிந்தது. அதை நிறுத்திவிட்டு எண்ணும் இயந்திரத்தில் போட ஆரம்பித்தேன். மேசை வேலைக்காரர்களுக்கு, வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, நீங்கள் ஐந்தே கொடுக்கலாம்.

பலன் என் கையில் மட்டும் பார்த்துச் சொல்லவில்லை. ஜெர்மனியில் கேப்சிடபின் சாப்பிட்ட 152 பேரைப் பிரித்து, பாதிப் பேருக்கு 10 சதவீத யூரியா க்ரீம், மீதிப் பேருக்கு ஆன்டிஆக்சிடன்ட் எல்லாம் சேர்த்த வேறொரு களிம்பு கொடுத்துப் பார்த்து 2015-ல் வெளியிட்டார்கள். கை கால் சிவந்து புண்ணாகிற இந்தப் பிரச்சினை யூரியாக்காரர்களில் 22 சதவீதத்துக்கு, மற்றவர்களில் 39 சதவீதத்துக்கு மேல். சாதாரண சரக்குதான் ஜெயித்தது. ஆனால் இதைக் கவனியுங்கள், அதிலும் கருப்பு குறைந்ததா என்று யாரும் போட்டி வைக்கவில்லை, கை புண்ணாகாமல் இருந்ததா என்பதுதான் கேள்வி. எனக்கு அந்தக் கணக்கு எப்படி வேலை செய்தது என்றால், நாலாவது சுற்றுக்குப் பிறகு பிளவு ஆறியது, எட்டுச் சுற்றும் மாத்திரையில் ஒன்றுகூடக் குறைக்காமல் முடித்தேன். கை கடைசிவரை கருப்புத்தான். காபி டம்ளரைக் கடைசிவரை பிடித்தேன்.

கூடவே டாக்டர் டைக்ளோஃபினாக் ஜெல்லும் எழுதினார், நாம் முழங்கால் வலிக்குத் தடவுகிறதேதான், 1 சதவீதம். டெல்லி எய்ம்ஸில் 263 பேரை வைத்துச் செய்த சோதனை 2024-ல் வந்தது. மாத்திரை ஆரம்பிக்கும்போதே ஜெல்லும் ஆரம்பித்து, காலை மாலை கையில் தடவியவர்களில் சுமார் 4 சதவீதத்துக்குத்தான் வேலையைக் கெடுக்கிற அளவு கை கால் பிரச்சினை வந்தது, மருந்தில்லாத ஜெல் தடவியவர்களில் 15 சதவீதத்துக்கு வந்தது. நம் ஊர்த் தோலில் செய்த சோதனை என்பதால் எனக்கு இதன் மேல் ஒரு தனிப் பாசம். எனக்கு நாலாவது சுற்றில்தான் ஆரம்பித்தார், முதலிலேயே ஆரம்பித்திருந்தால் விரல் பிளந்தே இருக்காதோ என்னவோ. வாங்கும்போது கவனம், நம் கடைகளில் கிடைக்கிற வலி ஜெல் பாதியில் மெந்தாலும் விண்டர்கிரீன் எண்ணெயும் சேர்த்திருப்பார்கள், அது வேண்டாம், வெறும் டைக்ளோஃபினாக் என்று கேட்டு வாங்கச் சொன்னார். பிளந்த இடத்தில் தடவக் கூடாது. சிறுநீரகக் கோளாறோ அல்சரோ இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

பக்கத்துப் படுக்கை அக்கா டோசிடாக்சல் ஏற்றும்போது உறைய வைத்த கையுறையில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நகம் கழன்று வராமல் இருக்க அது நன்றாகவே உதவும். அதைப் பார்த்து நானும் கேட்டேன், நர்ஸ் பதறிப்போய் வேண்டாம் என்றார். ஆக்சாலிபிளாட்டின் ஏற்றுகிறவர்களுக்குக் குளிர் ஆகாது. உண்மைதான், காலையில் குழாய்த் தண்ணீர் பட்டாலே எனக்கு விரலில் ஊசி குத்தும், ஃப்ரிட்ஜைத் திறக்கத் துணி சுற்றிக்கொள்வேன். ஒருத்தருக்கு ஆகிற சாமான் இன்னொருத்தருக்கு ஆகாது என்பதை அன்றைக்கே புரிந்துகொண்டிருக்க வேண்டும், நான் புரிந்துகொள்ளவில்லை. அதனால்தான் அடுத்த கூத்து.

நாத்தனார் ஒரு டப்பா கொண்டுவந்தாள். "மதினி, இதப் போடுங்க, பத்தே நாள்ல பளிச்சுனு ஆயிரும், எங்க பக்கத்து வீட்ல எல்லாரும் போடுறாங்க." டப்பாவில் தயாரித்தவர் முகவரி இல்லை, என்னென்ன கலந்திருக்கிறது என்று ஒரு வரி இல்லை, ஒரு பெண்ணின் பாதி முகம் கருப்பும் பாதி முகம் வெளுப்புமாகப் படம் மட்டும். கன்னத்தில் திட்டு விழுந்திருந்ததால் ஆசை யாரை விட்டது, நாலு நாள் போட்டேன். அஞ்சாம் நாள் கன்னம் வெந்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி உரிந்தது. டாக்டர் அதுவரை என்னிடம் சத்தம் போட்டதே இல்லை, அன்றைக்குப் போட்டார். இந்த மாதிரி டப்பாக்களில் ஹைட்ரோகுவினோன், ஸ்டீராய்டு எது வேண்டுமானாலும் இருக்கும், சிலதில் பாதரசமே இருக்கும் என்றார். கேரளத்தில் கோட்டக்கல்லில் 2021-க்கும் 2023-க்கும் நடுவில் ஒரு குறிப்பிட்ட வகைச் சிறுநீரகக் கோளாறோடு வந்த 15 பேரில் 13 பேர் வெளுக்கும் க்ரீம் போட்டவர்கள். கீமோவால் ஏற்கெனவே சோர்ந்திருக்கிற சிறுநீரகத்துக்கு இது தேவையா? ஸ்டார் கொடுக்கிற பேச்சே இல்லை. நாத்தனார் பாசத்தில் கொண்டுவந்தாள், அதனால் டப்பாவை அவள் கண்ணில் படாமல் குப்பையில் போட்டேன்.

முகத்துத் திட்டுக்கு உருப்படியாக உதவியது சன்ஸ்கிரீன்தான், அதுவும் ரெண்டாவது வாங்கியது. முதலில் வாங்கியது ஜிங்க் ஆக்சைடு, நல்ல சரக்குதான், ஆனால் என் நிறத்துக்குப் பூசினால் கத்தரிக்காய்க்குத் திருநீறு பூசிய மாதிரி இருந்தது. கேப்சிடபின் சாப்பிடும்போது வெயில் பட்டால் கருமை கூடும், அதனால் பூசாமலும் இருக்க முடியாது. அப்புறம் தோல் டாக்டர் நிறம் சேர்த்த சன்ஸ்கிரீன் சொன்னார், அதில் இரும்பு ஆக்சைடு கலந்திருக்கும், சாம்பல் பூத்துத் தெரியாது, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தால் வருகிற கருமையையும் தடுக்கும். நம் நிறத்துக்குப் பொருந்துகிற சாயல் கிடைப்பதுதான் பாடு, மூன்று கடை ஏறி இறங்கினேன், எல்லாம் மைதா நிறத்திலேயே வைத்திருக்கிறார்கள். குடை இதைவிட மலிவு, ரெண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா பங்குக்கு மருதாணி. இலை பறித்து, அம்மியில் அரைத்து, உள்ளங்கையில் அப்பிவிட்டார். டாக்டரிடம் பயந்துகொண்டே சொன்னேன், அவர் சிரித்தார். துருக்கியில் பத்து நோயாளிகளுக்கு இதே கை கால் பிரச்சினைக்கு மருதாணி போட்டுப் பார்த்து, நல்லது செய்தது போலத் தெரிகிறது என்று 2008-ல் எழுதியிருக்கிறார்களாம். பத்தே பேர், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டம் கிடையாது, அதனால் அம்மாவிடம் ரொம்பப் பெருமை அடித்துக்கொள்ள விடவில்லை. குளிர்ச்சி இருந்தது, அது நிஜம். சிவப்பு கருப்பின் மேல் ஏறி செம்மண் காட்டுக்கு நடுவே தார் ரோடு போட்ட மாதிரி ஆனது தனிக் கதை. நகத்தில் வேண்டாம் என்று நர்ஸ் சொன்னார், விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் கருவிக்குக் குழப்பம் வருமாம். கடையில் விற்கிற கருப்பு மருதாணிக் கூம்பு மட்டும் கூடவே கூடாது, அதில் தலைச்சாய ரசாயனம் கலப்பார்கள், நல்ல தோலையே பொத்துவிடும்.

காலுக்கு ஒரே ஒரு சாமான் சொல்வேன், எம்.சி.ஆர். செருப்பு. சர்க்கரை நோயாளிகளுக்காக விற்பார்களே, கருப்பு நிறத்தில், பார்க்க அழகே இல்லாமல், உள்ளே மெத்தென்று ரப்பர் வைத்தது. அழுத்தமும் உராய்வும் சூடும்தான் பாதத்தைக் கெடுப்பவை, மூன்றையும் இது குறைத்தது. வார் அகலமாக, பின்னால் பட்டை வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். கோவில் பிரகாரத்தில் வெறுங்காலோடு உச்சி வெயிலில் நடப்பதை அந்த ஆறு மாதம் விட்டுவிட்டேன், மீனாட்சி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

இப்போது ரேகை. அஞ்சாவது சுற்றில் ஒரு திங்கட்கிழமை காலை என் கணினி என்னை உள்ளே விடவில்லை. எங்கள் சங்கத்தில் கேஷியர் விரல் வைத்தால்தான் பெட்டி திறக்கும். வலது பெருவிரல், சிவப்பு விளக்கு. ஆள்காட்டி, சிவப்பு. பத்து விரலும் சிவப்பு. வெளியே வரிசை நிற்கிறது. விரலை வெளிச்சத்தில் பார்த்தால் நுனி பளபளவென்று, மெழுகு தேய்த்த தரை மாதிரி வழுவழுப்பு. கோடே இல்லை. உரிந்து உரிந்து அழிந்துவிட்டது. செயலாளர் முதலில் நம்பவில்லை, "கையைக் கழுவிட்டு வாங்கம்மா" என்றார். கழுவினால் வந்துவிடுமா? பிறகு டாக்டரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்து, கடவுச்சொல் மாற்றித் தர ஒரு வாரம் ஆனது, அந்த ஒரு வாரம் நான் டெஸ்பாட்சில் உட்கார்ந்தேன்.

இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. சிங்கப்பூரிலிருந்து அமெரிக்காவுக்குச் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போன 62 வயதுக்காரர் ஒருவரை விமான நிலையத்தில் நாலு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். மூன்று வருஷத்துக்கு மேல் கேப்சிடபின் சாப்பிட்டவர், விரலில் ரேகை இல்லை. அவருடைய டாக்டர் அதை 2009-ல் மருத்துவ இதழில் எழுதி, இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பயணம் போகும்போது டாக்டர் கடிதம் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று எச்சரித்தார். நமக்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை, தெருமுனை ரேஷன் கடை போதும். அங்கே கார்டில் பேர் இருக்கிற யார் விரலும் செல்லும் என்பதால் வீட்டுக்காரர் போய்விட்டார். பென்ஷன்காரர்கள் வாழ்வுச் சான்றுக்கு விரலோடு மல்லுக்கட்ட வேண்டாம், முகத்தைக் காட்டியும் போனிலேயே கொடுக்கலாம். மாத்திரை ஆரம்பிக்கிற அன்றைக்கே இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

கடைசி மாத்திரை ஆவணியில். அதற்கப்புறம் மூன்று வாரத்தில் உள்ளங்கை வெங்காயச் சருகு மாதிரி உரிந்து, அடியில் புதுத் தோல் வந்தது. கருமை மாதத்துக்கு மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது, தைப் பொங்கலுக்கு உள்ளங்கை தெளிந்துவிட்டது. விரல் நகம் மாதத்துக்கு 3 மில்லிமீட்டர் போலத்தான் வளரும், அடியில் சுத்தமான நகம் முளைத்துப் பென்சில் கோட்டை மேலே தள்ளிக்கொண்டே போனது, கடைசித் துணுக்கை மாசியில் நகவெட்டியால் வெட்டி எறிந்தேன். கால் கட்டைவிரல் நகத்தில் இன்னும் பாதி பாக்கி. விரல் மூட்டுக் கருப்பு இந்த வைகாசியிலும் இருக்கிறது, பழகிவிட்டது. இது எதற்கும் க்ரீம் காரணம் இல்லை, மருந்து நின்றது காரணம், நாள் ஆனது காரணம்.

பன்னிரண்டாவது ட்யூப் பாதி மீதம் இருக்கிறது, அத்தை குதிகால் வெடிப்புக்கு எடுத்துக்கொண்டார், வயலுக்குப் போடுகிறது என்று இப்போது சொல்வதில்லை. ஆபீஸ் இயந்திரத்தில் சும்மா வாரத்துக்கு ஒரு தடவை விரல் வைத்துப் பார்ப்பேன். போன மாதம் இடது மோதிர விரலுக்கு முதல் தடவையாகப் பச்சை விளக்கு எரிந்தது. மற்ற ஒன்பதும் இன்னும் சிவப்புத்தான், செயலாளரிடம் அந்த ஒரு விரலையே பதிந்துவிடச் சொல்லியிருக்கிறேன்.